திக்கு என்றால் யார்? 'காட்டில் உரிமை' நாவலும் நம்ம மலைக் கணக்கும்

"இந்தத் தடவையும் சமணக் கல்வெட்டுத்தானே?" என்று மலர்க் குழு நண்பர்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். இந்தத் தடவை ஒரு நாவல். நான் நாவல் படிக்கிற ஆள் இல்லை என்பது சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கடைக் கணக்கு முடித்து ராத்திரி பத்து மணிக்கு மேல் கிடைக்கிற நேரம் கல்வெட்டுத் தொகுதிகளுக்கும் பழைய கெசட்டியர்களுக்குமே போதாது. ஆனாலும் இந்த நாவல் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது. பாதிரிமார்களையும் பழங்குடிகளையும் பற்றிய சரித்திர நாவல் என்று நினைத்துத்தான் திறந்தேன். மூடும்போது அதில் என் அப்பாவும் இருந்தார், நானும் இருந்தேன்.

நாவல் மகாசுவேதா தேவி அம்மையார் வங்காளத்தில் எழுதிய 'அரண்யேர் அதிகார்'. 1977இல் வெளிவந்து 1979இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. தமிழில் 'காட்டில் உரிமை' என்ற பெயரில் கிடைக்கிறது. இன்றைய ஜார்க்கண்டில் முண்டா என்ற பழங்குடி மக்கள் வெள்ளைக்காரரையும் ஜமீன்தாரையும் எதிர்த்து எழுந்த கதை. பிர்சா முண்டா அதன் நாயகர். 1875 நவம்பர் 15இல் உலிஹாட்டு என்ற ஊரில் பிறந்து, 1900 ஜூன் 9இல் ராஞ்சிச் சிறையில் இறந்தவர். இருபத்தைந்து வயதுகூட முடியவில்லை. ஜார்க்கண்ட் மாநிலத்தை 2000ஆம் ஆண்டு அவர் பிறந்த நாளில்தான் அமைத்தார்கள்.

இந்தப் புத்தகம் எங்கள் வீட்டு அலமாரியில் பல வருஷம் தூங்கிக் கிடந்தது. 2023 டிசம்பரில் குடும்பத்தோடு சம்மேதகிரி யாத்திரை போனபோது ரயிலில் படிக்கப் பையில் போட்டுக்கொண்டேன். சம்மேதகிரி என்பது ஜார்க்கண்டின் பாரசநாத் மலை. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களில் இருபது பேர் முக்தி அடைந்த தலம். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பங்களில் ஆயுளில் ஒரு தரமாவது அங்கே ஏறவேண்டும் என்பது ஆசை. ஏறி, சுற்றி, இறங்க 27 கிலோமீட்டர். எனக்கு முழங்கால் ஒத்துழைக்காததால் டோலி பேசினோம். இரண்டு பேர் தோளில் வைத்துத் தூக்கினார்கள். பாதி வழியில் இளைப்பாற இறக்கி வைத்தபோது, இதற்கு உங்கள் பாஷையில் என்ன பெயர் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். "மராங் புரு" என்றார் ஒருவர். பெரிய மலை என்று அர்த்தம். சந்தால் மக்களுக்குப் பெரிய தெய்வமும் அதுதான்.

இது எனக்குத் தெரியாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. மலையைச் சுற்றுலாத் தலமாக்கக் கூடாது என்று இந்தியா முழுக்க நம்ம சமணர்கள் போராடியதும், 2023 ஜனவரி 5ஆம் தேதி மத்திய அரசு சுற்றுலா வேலைகளை நிறுத்தி வைத்ததும் பத்திரிகையில் வந்த செய்திகள். அந்த மனுவில் நானும் இங்கிருந்து கையெழுத்துப் போட்டவன். உடனே சந்தால் மக்கள், இது எங்கள் மராங் புரு, எங்களைக் கேட்காமல் நீங்கள் யார் பேச என்று கிளம்பினார்கள். அதையும் பத்திரிகையில் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். கையெழுத்துப் போடும்போது இந்த மலையில் வேறு யாருக்காவது பங்கு உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை. என்னைச் சுமந்தவர் வாயால் அந்தப் பெயரைக் கேட்டபிறகுதான் உறைத்தது.

அன்று இரவு மதுவன் தர்மசாலையில் நாவலைத் தொடர்ந்தேன்.

நாவல் பிர்சாவின் சாவில் தொடங்குகிறது. பிறகு பின்னால் போய், அவர் பிள்ளைப் பருவம், பள்ளி, கிளர்ச்சி என்று வருகிறது. குமார் சுரேஷ் சிங் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி பழைய அரசாங்கக் காகிதங்களைத் தேடி, ஊர் ஊராகப் பாட்டும் வாய்மொழியும் சேகரித்து, பிர்சாவைப் பற்றி 1966இல் ஆங்கிலத்தில் ஒரு சரித்திரம் எழுதினார். அம்மையார் அதை ஆதாரமாக வைத்துக்கொண்டுதான் கதை கட்டினார். ஆகவே பெரும்பாலான பெயர்களும் தேதிகளும் நிஜம். நடுவில் சில பாத்திரங்கள் கற்பனை.

என் போன்ற மளிகைக்காரன் கண்ணில் முதலில் படுவது அந்தக் கதையில் வரும் சாப்பாடுதான். முண்டா வீட்டில் தினமும் காட்டோ என்ற புன்செய்த் தானியக் கூழ். சோறு கனவு. உப்பு கிடைத்தால் பண்டிகை. ஒரு ஜனத்தின் அடிமைத்தனத்தைச் சொல்ல அம்மையார் சாட்டையைக் காட்டவில்லை, உப்பைக் காட்டுகிறார். உப்பு எங்கே இருக்கிறது? கடையில். கடை யாருடையது? இதை அப்போது நான் மேலே யோசிக்கவில்லை.

பாதிரிமார் கதைக்கு வருகிறேன். பெர்லினில் கோஸ்னர் என்ற போதகர் அனுப்பிய நான்கு ஜெர்மானியர் 1845 நவம்பரில் ராஞ்சிக்கு வந்தார்கள். கல்கத்தாத் தெருக்களில் கூலி வேலை செய்த சோட்டாநாக்பூர் ஜனங்களைப் பார்த்துவிட்டுத்தான் இவர்கள் ஊருக்கே போவோம் என்று முடிவு செய்தார்கள் என்பார்கள். முதல் ஞானஸ்நானத்துக்கு 1850 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகுதான் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள்.

ஏன் சேர்ந்தார்கள்? இந்தக் கேள்விக்கு நம்மவர்கள் வழக்கமாக இரண்டு பதில் வைத்திருப்போம். ஒன்று, ரொட்டிக்கும் கோதுமைக்கும் ஆசைப்பட்டு. இரண்டு, சத்தியத்தைக் கண்டுகொண்டு. சரித்திரம் இரண்டையும் விட்டு மூன்றாவதைச் சொல்கிறது: நிலம். முண்டா நாட்டில் குந்த்கட்டி என்று ஒரு முறை இருந்தது. காட்டை வெட்டித் திருத்தி ஊர் கண்ட குடியின் வம்சத்துக்கே அந்த ஊர் நிலம் பொது. நம்ம தொண்டை மண்டலத்துக் காணியாட்சியை நினைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும். வெளியிலிருந்து வந்த ஜாகீர்தார்களும் குத்தகைக்காரர்களும் இதை உடைத்தார்கள். மேலே பேத் பேகாரி என்ற கூலியில்லா வேலை. சோழர் கல்வெட்டு படித்தவர்களுக்கு 'வெட்டி' என்ற சொல் தெரிந்திருக்கும், அதே சரக்குத்தான். வழக்குப் போட்டால் கோர்ட்டில் பாஷை புரியாது. பாதிரியார் ஒருத்தர் பக்கத்தில் நின்றால் கச்சேரியில் மரியாதை. கிறிஸ்தவனானால் நிலம் திரும்பும் என்ற நம்பிக்கையில் போனவர்கள் அதிகம். 1858 முதல் நாற்பது வருஷம் மனு மேல் மனுவாகப் போட்ட சர்தார்கள் என்ற தலைவர்களில் பலரும் கிறிஸ்தவர்களே.

மிஷன் ஓர் அளவுக்கு மேல் இறங்கவில்லை. சர்க்காரைப் பகைத்துக்கொள்ள அவர்கள் தயாராக இல்லை. சர்தார்கள் லூதரன் சபையை விட்டுக் கத்தோலிக்கரிடம் போனார்கள். அங்கே பெல்ஜியத்தைச் சேர்ந்த, 1885இல் சோட்டாநாக்பூருக்கு வந்த லீவன்ஸ் என்ற இயேசு சபைக் குரு இருந்தார். டோர்பா என்ற ஊரில் உட்கார்ந்து குத்தகைச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். ஜனங்களுக்கு வேண்டியது முதலில் வக்கீல்தான் என்று புரிந்துகொண்டார். பழங்குடிகளின் வழக்குகளைத் தானே எடுத்து நடத்த ஏற்பாடு செய்தார். ஏழே வருஷம். ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். காச நோயோடு திரும்பிப் போய் 1893இல் தம் முப்பத்தேழாம் வயதில் இறந்தார்.

பிர்சா இந்தச் சூழலில் வளர்ந்த பிள்ளை. அப்பா சுகனா ஜெர்மன் மிஷனைச் சேர்ந்த கிறிஸ்தவர். பிர்சாவுக்கும் தாவீது என்று ஞானஸ்நானப் பெயர். 1886 முதல் 1890 வரை சாயிபாசா மிஷன் பள்ளியில் படித்தார். அங்கே டாக்டர் நோட்ராட் என்ற பாதிரியார் சர்தார்களை ஏமாற்றுக்காரர்கள் என்று பேசினார். பையன் எழுந்து எதிர்த்தான். பள்ளியை விட்டு வெளியே. சாகேப்கள் எல்லாரும் ஒரே தொப்பிக்காரர்கள் என்ற பொருளில் அன்று அவர் சொன்னதாக ஒரு சொல் முண்டா நாட்டில் இன்றும் வழங்குகிறது. கலெக்டர் தொப்பியும் பாதிரி தொப்பியும் ஒன்றே என்று பதினைந்து வயசுப் பையன் கண்டுபிடித்தான். மிஷனுக்கும் முண்டாக்களுக்கும் நடுவே இருந்த நம்பிக்கை முறிந்ததை இந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது.

அதன்பிறகு பந்த்காவுனில் ஆனந்த் பாண்டே என்ற வைணவரிடம் சில காலம். பூணூல், துளசி, புலால் மறுப்பு. 1895இல் தானே கடவுளின் தூதர் என்று அறிவித்தபோது பிர்சா ஜனங்களுக்குச் சொன்னவற்றில் உயிர்ப்பலி வேண்டாம், சாராயம் வேண்டாம் என்பவையும் உண்டு. சமணனாகிய எனக்கு இந்த இடத்தில் மனசு குளிர்ந்தது. ஆனால் குளிர்ந்த மனசோடு கதையை முடிக்க விடமாட்டார் அம்மையார். 1895இல் கைது, இரண்டு வருஷம் சிறை. 1897இல் விக்டோரியா ராணியின் வைர விழாவை ஒட்டி விடுதலை. 1899 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் உல்குலான், அதாவது பெருங்கலகம். சர்வதா என்ற ஊரின் மிஷன் வீட்டு மேல் அம்பு விட்டார்கள். கார்பெரி என்ற குரு காயப்பட்டார். உடனிருந்த ஹாஃப்மன் என்ற குரு பிழைத்தார். 1900 ஜனவரி 9இல் சைல் ரகாப் குன்றில் சர்க்கார் படை சுட்டது. செத்தவர் எத்தனை என்பதில் சர்க்கார் கணக்குக்கும் ஜனங்கள் கணக்குக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. பிப்ரவரியில் பிர்சா பிடிபட்டார். தலைக்கு 500 ரூபாய். ஜூனில் காலரா என்று எழுதிக் கணக்கை முடித்தார்கள்.

நாவல் ஏறக்குறைய இங்கே முடிகிறது. எனக்கு இந்த இடத்தில்தான் சரித்திரப் பசி எடுத்தது. அம்பிலிருந்து தப்பினாரே ஹாஃப்மன், அவர் என்ன ஆனார்?

நாவலில் பாதிரிமார் ஒரே நிறம்தான். குறை சொல்ல முடியாது. 1900இல் நிறுத்தினால் அந்த நிறம்தான் தெரியும். பிர்சாவை அடக்கவேண்டும் என்று சர்க்காருக்குச் சொன்னவர்களில் ஹாஃப்மனும் ஒருவர். ஆனால் அவர் 1915 வரை அங்கே இருந்தார். கலகம் அடங்கிய பிறகு, இவர்கள் ஏன் அம்பு எடுத்தார்கள் என்று அவர் எழுதித் தந்த நில முறைக் குறிப்புகள் 1908ஆம் ஆண்டு சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டத்துக்கு அடித்தளங்களில் ஒன்றாயின. பழங்குடி நிலத்தை வெளியாள் வாங்க முடியாமல் செய்த அந்தச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. 1903இல் முண்டாரி இலக்கணம் எழுதினார். அதன்பின் முண்டா மொழிக்கும் வாழ்க்கைக்கும் ஒரு கலைக்களஞ்சியம் தொடங்கினார். ஒரு சொல்லை எடுத்தால், அந்தச் சொல்லோடு போகும் விதைப்பு, கல்யாணம், சாவுச் சடங்கு, வலை, பொறி எல்லாம் வரும். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் என்று அவரை நாடு கடத்தினார்கள். ஊரில் போய் உட்கார்ந்தும் அதே வேலை. 1928இல் இறந்தார். 1930 முதல் பாட்னா அரசு அச்சகம் பத்துக்கும் மேற்பட்ட தொகுதிகளாக அதை வெளியிட்டது.

இதைப் படித்துவிட்டு, ஆகவே பாதிரியார் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. அம்பு வராமல் இருந்தால் அந்தச் சட்டம் வந்திருக்குமா என்று யாராவது கேட்டால், வந்திருக்காது என்றுதான் என் அபிப்பிராயம். லீவன்ஸ் தனித்தனி வழக்காக நடத்தினார். ஹாஃப்மன் சட்டமாக ஆக்கினார். நடுவில் பிர்சா செத்தார். மூன்றையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே இதுபோல் ஒரு கதை உண்டு. நம்ம மலர்களில் யாரும் எழுதியதாக நினைவில்லை. நீலகிரியில் தோடரைப் பார்க்க ஃபெனிசியோ என்ற இயேசு சபைக் குரு 1603இலேயே ஏறிப்போனார். சபை அப்போது அதற்கு மேல் அக்கறை காட்டவில்லை. 1846இல் பாசல் மிஷன் கேத்தியில் இறங்கியது. மெட்ஸ் என்ற பாதிரியார் படகர் ஊர் ஊராக நடந்தார். படகர் பாஷை நம்ம கன்னடத்துக்கு நெருக்கம் என்பது மைசூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு வருஷம் நடந்து 1858இல்தான் முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றார். அவ்வளவு வருஷம் ஒருத்தர் தோற்றுக்கொண்டே எழுதி வைத்த குறிப்புகள்தான் அந்த மலைக் குடிகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய ஆதாரங்களில் முக்கியமானவை. மெட்ஸ் சேர்த்த தோடர் சொற்களை வைத்துத் தோடா மொழிக்குச் சிறு இலக்கணம் எழுதியவர் யார் தெரியுமா? நம்ம ஜி.யு. போப் ஐயர். திருக்குறளையும், 1893இல் எங்கள் முனிவர்களின் நாலடியாரையும் ஆங்கிலத்தில் தந்த அதே போப்தான். ஊட்டியில் பள்ளி நடத்தியவர், பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளிக்குத் தலைமை தாங்கியவர். அந்தத் தோடா இலக்கணம் 1873இல் மார்ஷல் என்ற ராணுவ அதிகாரியின் புத்தகத்தில் பின்னிணைப்பாக வந்தது. மார்ஷல் மண்டையை அளந்து குணம் சொல்லும் வித்தைக்காரர்! ஒரே அட்டைக்குள் ஒருத்தர் தோடரின் மண்டையை அளக்கிறார், இன்னொருத்தர் அவர்கள் வாய்ச்சொல்லுக்கு இலக்கணம் காண்கிறார். பாதிரிமார் காலத்தை எனக்கு இதைவிடச் சுருக்கமாக வேறு எதுவும் காட்டியதில்லை.

எங்கள் சமண நூல்களுக்கும் இந்தக் கடன் உண்டு. கேசிராஜன் என்ற சமணர் எழுதிய பழைய கன்னட இலக்கணமான 'சப்தமணிதர்ப்பண'த்தை 1872இல் பதிப்பித்தவர் பாசல் மிஷன் கிட்டல் பாதிரியார். மங்களூர் மிஷன் அச்சுக்கூடம் வேலை செய்த காலத்தில் எங்கள் வீடுகளில் ஏடுகளைச் செல் அரித்துக்கொண்டிருந்தது.

இவ்வளவும் பாதிரிமார் பற்றி. ஆனால் 'காட்டில் உரிமை'யைப் படித்தவர்கள் அறிவார்கள், முண்டாவின் வாயில் பாதிரியைவிட அதிகம் வரும் வசவு வேறு ஒன்று. 'திக்கு' என்பது அது. முண்டாரி மொழியில் திக்கு என்றால் வெளியாள். அவர்கள் நிலத்துக்குள் வந்து உட்கார்ந்த ஜமீன்தார், லேவாதேவிக்காரர், கடைக்காரர். தமிழில் திக்கு என்றால் ஆதரவு. திக்கற்றவர்களுக்குத் தெய்வம் துணை என்போம். ஒரே ஒலி, ஒரு பாஷையில் புகலிடம், இன்னொரு பாஷையில் பறித்துக்கொள்ள வந்தவன். ஹாஃப்மன் 1909இல் கத்தோலிக்கப் பழங்குடிகளுக்காக ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கினார். அவர்களைச் சாகுகாரிடமிருந்து மீட்பதற்கு.

சாகுகார்! இந்தச் சொல்லில்தான் எனக்கு ராமாபுரம் நினைவு வந்தது.

இளைய வாசகர்களுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் ராமாபுரம் கொள்ளேகால் பகுதியில், மாதேஸ்வரன் மலைத் தொடரை ஒட்டி இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் தாலுகா சென்னை மாநிலம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாநிலங்களைப் பிரித்தபோது மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997இல் சாமராஜநகர் மாவட்டம் தனியாகியும் பழைய ஆட்கள் வாயில் இன்னும் மைசூர் ஜில்லாதான். ஆகவே எங்களில் பாதிப் பேர் புலம்பெயரவே இல்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. அப்பா வந்தவாசியிலிருந்து வந்து இங்கே கடை போட்டார். பக்கத்து மார்ட்டள்ளியில் தமிழ்க் கத்தோலிக்கர், ஊருக்குள் லிங்காயத்தார், கவுண்டர்கள், முஸ்லிம்கள். மலை மேல் சோளகர். அவர்கள் குடியிருப்பைப் போடு என்பார்கள். தமிழ்நாட்டுப் பக்கத்தில் தொட்டி. வீரப்பன் காலத்தில் அதிரடிப் படையிடம் அந்த மக்கள் பட்டதை ச. பாலமுருகன் 'சோளகர் தொட்டி' என்ற நாவலாக 2004இல் எழுதினார். அதைச் சங்கத்தில் பலர் படித்திருப்பீர்கள். அதில் வில்லன் போலீஸ். படித்துவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கலாம், ஏனென்றால் நாம் போலீஸ் இல்லை.

அப்பா கடை நடத்திய நாளில் போடுகளுக்குப் போய் வந்தவர்களாக நான் பார்த்தது பாதிரியாரை அல்ல. காட்டுப் பொருள் ஏலம் எடுத்த காண்டிராக்டர்களையும் எங்களைப் போன்ற கடைக்காரர்களையும்தான். சோளகர் புளி, சீயக்காய், பூந்திக்கொட்டை, கடுக்காய், நெல்லிக்காய் கொண்டுவருவார்கள். பதிலுக்கு உப்பு, ராகி, புகையிலை, துணி. அப்பாவை அவர்கள் "சாவுகாரே" என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைச் சொல். நானும் பெருமையாகத்தான் கேட்டு வளர்ந்தேன்.

அப்பா விரதக்காரர். சமண இல்லறத்தாருக்குத் தேன் விலக்கு. ஒரு துளியில் எத்தனை உயிர் என்பார். சோளகர் மூங்கில் குழாயில் மலைத்தேன் கொண்டுவந்து அன்போடு நீட்டினாலும் கை கூப்பித் திருப்பி அனுப்பிவிடுவார். மாகாளிக் கிழங்கும் வாங்கமாட்டார். மண்ணுக்குக் கீழே விளைவது. தேன் வியாபாரத்தில் அப்போது நல்ல லாபம். அதை விட்டவர் என்று ஊரில் அவருக்குப் பெயர். எங்கள் கடை பாவம் படாத கடை என்று நானும் நம்பினேன்.

ராஞ்சியில் பழைய சிறையை 2021 முதல் பிர்சா நினைவு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அதையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன். பரணிலிருந்து அப்பாவின் பேரேடுகளை இறக்கினேன். கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவனுக்குப் பேரேடு பெரிய கஷ்டமில்லை. 1970களின் நடுவில் உள்ள ஒன்று. அந்த வருஷம் எனக்குப் பதினைந்து வயசு. தராசு பிடித்தது நான். பாதிப் பக்கங்கள் என் கையெழுத்து.

புளி வரவு ஒவ்வொன்றுக்கும் கீழே 'சாக்குக் கழிவு 1 கிலோ' என்று ஓடுகிறது. மண்டி வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மூட்டையை நிறுத்தால் சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும். ஆனால் சோளகர் ஒருநாளும் சாக்கில் கொண்டுவந்ததில்லை. கூடையில் கொண்டுவந்து எங்கள் தட்டில் கொட்டுவார்கள். கூடை அவர்களுடையது, அதைத் தட்டில் வைப்பதே இல்லை. இல்லாத சாக்குக்குக் கழிவு. யாரும் கேட்டதில்லை. ஏன் கழிக்கிறோம் என்று நான் அப்பாவைக் கேட்டதாகவும் நினைவில்லை. அப்பா வேண்டுமென்று செய்தாரா என்றால், மண்டியில் அவருக்குக் கழித்தார்கள், அவர் இங்கே கழித்தார். தேனுக்குக் காட்டிய கவனத்தில் ஒரு பங்கு இதற்குக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

லாம்ப்ஸ் என்கிற பழங்குடிக் கூட்டுறவுச் சங்கம் வந்தபிறகு காட்டுப் பொருள் அங்கே போயிற்று. ஹாஃப்மன் தொடங்கியதுபோல இங்கே சர்க்கார் செய்தது. அப்பா கொஞ்ச நாள் அதைத் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன். பிறகு 2011இல் பிளிகிரிரங்கன் மலையில் சோளகரின் கிராம சபைகளுக்கு வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமைப் பட்டா கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றில் அப்படிக் கிடைத்தது அதுவே முதல் தடவை என்றார்கள். அந்தச் செய்தியையும் நான் படித்துவிட்டு, ஏதோ சர்க்கார் விஷயம் என்று விட்டுவிட்டேன்.

பேரேட்டில் இன்னொரு சங்கடம். பற்று வரவு உள்ளவர்களில் பாதிப் பேர் 'மாதன்'. மாதேஸ்வரன் பெயரை அங்கே வீட்டுக்கு ஒருவருக்கு வைப்பார்கள். எந்த மாதன் என்பது அப்பாவுக்கு மட்டும் தெரியும். ஏட்டில் தனி அடையாளம் கிடையாது. ஹாஃப்மன் ஒரு சொல்லுக்குப் பக்கம் பக்கமாக எழுதினார். நாங்களும் முப்பது வருஷம் அந்த ஜனங்களைப் பற்றித் தினமும் எழுதினோம். எங்கள் ஏட்டில் உப்பும் புளியும்தான் தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

சந்தைக்கு வரும் ஒரு சோளகப் பெரியவரைப் போன மாசி மாதம் கடையில் உட்காரவைத்து, பேரேட்டை வரிவரியாகப் படித்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. பொருளை வைத்து ஆளைச் சொன்னார். "சிவப்புச் சீலை வாங்கினவன் கல்யாணத்துக்கு வாங்கியிருப்பான், அவன் மேல்போட்டு மாதன்" என்பார். "ராகி அதிகம் வாங்கினவனுக்குப் பிள்ளைகள் அதிகம்" என்பார். நான் அடையாளத்தைப் பென்சிலில் குறித்துக்கொண்டே வந்தேன். பதினோராம் பக்கத்தில் ஒரு மாதன் வாரத்துக்கு இரண்டு தரம் புகையிலை. அந்த வரியைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"எங்கப்பன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பன் கணக்குத் தீந்துச்சா சாவுகாரே?" என்று கேட்டார்.

ஏட்டில் பாக்கி 14 ரூபாய் 30 பைசா. புளி வரவு 22 தடவை. தடவைக்கு ஒரு கிலோ சாக்குக் கழிவு. அன்றைய விலை கிலோ 90 பைசா. கழிவை மட்டும் கூட்டினால் 19 ரூபாய் 80 பைசா வருகிறது.

"தீர்ந்து போச்சு, மேலே எங்க கையிலதான் உங்க காசு நிக்குது" என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. புகையிலை வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.